நகல் பெற்றுக்கொண்டேன்

பணிநீக்க ஆணை மண்டபம் அலுவலகத்துக்கு வந்த அன்று
கச்சான் காற்று.
கோப்புகளின் மேல் சங்கு வைத்துத்தான் எழுத முடிந்தது.
ஆணை இங்கிலீஷில்.
புகார் கொடுத்தவர் கேட்டால்
தமிழில் ஒரு நகல் தர வேண்டும்.
கேட்டிருந்தாள்
சின்னப்பாலம் இருளாயி,
மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவள்.

நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் சுலபம்.
அடையாள அட்டை ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் வீதம்
நூற்றுப் பதினொரு பெண்களிடம்
மேற்பார்வையாளர் குணசீலன் வாங்கியது
(சிரிக்காதீர்கள், பெயர் அவர் அப்பா வைத்தது)
ஐயமின்றி நிரூபணம்.
கடைசிப் பத்தியில் பேனா இடறியது.
மாரல் டர்பிட்யூட்.

'ஒழுக்கக்கேடு' என்கிறது அலுவலகக் கையேடு.
அந்தச் சொல்லை இந்தக் கரையில்
கடைசிப் பஸ்ஸில் வந்திறங்கும் பெண்ணின் மேல் எறிந்துதான்
நான் பார்த்திருக்கிறேன்.
இழுப்பறைக்குள் பணம் போடுகிறவன் மேல்
அது ஒட்டவே ஒட்டாது,
மீனெண்ணெய் பூசிய வள்ளத்தில் தண்ணீர் போல
உருண்டு விழும்.

கிளை நூலகத்தில் ஒரு தடித்த அகராதி.
கரையான் தின்றதுபோக டி எழுத்து மிச்சம் இருந்தது.
லத்தீனில் துர்பிஸ்.
அசிங்கமானது, இழிந்தது.
அதற்கு முன்னே?
தெரியாது என்று எழுதியிருந்தது,
நேர்மையான புத்தகம்.
அப்புறம் மனசு கேட்காமல்
ஓர் 'இருக்கலாம்' போட்டு,
திரும்புதல் என்கிற வேராக இருக்கலாம்,
எதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோமோ
அது.

மூடி வைத்தேன்.

என் மேசை அவர் மேசைக்கு அடுத்தது.
வியாழக்கிழமைகளில் அந்த இழுப்பறை
துருவேறிய ஒரு சத்தம் போடும்,
வாலை மிதித்த பூனை மாதிரி.
கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்புவேன்.
தூரத்தில் பாலம்.
ரயில் வருகிறதா என்று பார்ப்பேன்.
ரயில் இல்லாத நேரத்திலும் பார்ப்பேன்.
மூன்று வருடம்.
விசாரணையில் என்னைக் கேட்டபோது
'நான் கவனிக்கவில்லை' என்றேன்.
அது பொய் இல்லை என்பதுதான்
அதில் உள்ள சாமர்த்தியம்.

அந்தச் சொல்லை முதலில் சொன்ன யாரோ
அசிங்கத்தை உற்றுப் பார்த்திருக்க மாட்டான்.
சுற்றி நின்றவர்களின் கழுத்துகளைப் பார்த்திருப்பான்.
எல்லாம் ஒரே திசையில்.

'நெறிபிறழ்வு' என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
பிறழ்வது மீனல்லவா.
கலங்கிய நீரில் ஒரு கணம்
வெள்ளை வயிற்றைக் காட்டித் திரும்புவது.
மீனுக்கு அதில் பாவம் ஒன்றுமில்லை.
வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை,
அல்லது மணி ஐந்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தாள்.
பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட
அவிழ்க்காமல்.
நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
'இந்தக் கடைசி வார்த்தை என்ன சார்?'
போக வேண்டிய வழியை விட்டுத்
திரும்பிக்கொள்வது என்றேன்.
'யாரு திரும்பினது?'

பெயர் இருக்கிறதே என்று தொட்டுக் காட்டினேன்.
பெயரைப் பார்த்தாள்.
காலியான மேசையைப் பார்த்தாள்.
அவள் ஒவ்வொரு வியாழனும் வரிசையில் நின்ற இடத்திலிருந்து
என் நாற்காலி எத்தனை அடி என்று
அவளுக்குத் தெரியும்.
'ஒங்க ஜன்னல்ல பாலம் நல்லாத் தெரியுது சார்' என்றாள்.

பிறகு பேனா கேட்டாள்.
நகல் பெற்றுக்கொண்டேன் என்ற வரிக்குக் கீழே
துணி சுற்றிய விரலால் கையெழுத்து.
தாளில் ஈரம் பட்டு ஒரு திட்டு.
திங்கட்கிழமை பார்த்தபோது
உப்புப் பூத்திருந்தது அதன் ஓரத்தில்.
தட்டிவிடாமல் அப்படியே
கோப்பில் கோத்தேன்.